நெடுஞ்சாலை டிஸ்ப்ளே போர்டைப் படிப்பது எப்படி? சேலத்தில் புதிதாக வண்டி எடுப்பவர்களுக்கு

சேலத்துக்காரர்கள் லைசென்ஸ் வாங்கிய கொஞ்ச நாளிலேயே பெரிய ரோட்டில் ஏறியாக வேண்டும். வேறு வழியில்லை. தொப்பூர், ஓமலூர் வழியாக வந்து நாமக்கல், கரூர், மதுரை என்று போகும் என்.எச். 44, சங்ககிரி, கோவை தாண்டிக் கொச்சி வரை போகும் என்.எச். 544, வாழப்பாடி, ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டைக்குப் போகும் என்.எச். 79 என மூன்றும் இந்த ஊரில்தான் கூடுகின்றன. உள்ளூர் ஸ்கூட்டரும் வடநாட்டு கண்டெய்னரும் ஒரே பைபாஸில் போகின்றன.

புதிதாக ஓட்டுகிறவர்களோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழக்குவது என் வேலை. கிளட்சு, கியர், ரிவர்ஸ் எல்லாம் சில வாரங்களில் பழகிவிடுகிறது. எல்.எல்.ஆர். தேர்வுக்காகத் தகரப் பலகைச் சின்னங்களையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் நெடுஞ்சாலையில் தலைக்கு மேலே எழுத்து எழுத்தாக எரிகிற டிஸ்ப்ளே போர்டைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எதிரே போர்டு வந்ததும் ஒன்று, அண்ணாந்து பார்த்தபடியே முன்னால் போகும் லாரியை நெருங்கிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் பயந்து, அந்தப் பக்கம் பார்க்காமலே போய்விடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் வீட்டில் செய்ய வேண்டியது

போர்டைப் புரிந்துகொள்ளும் வேலை வண்டியில் ஏறுவதற்கு முன்பே தொடங்குகிறது. தமிழ் படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் போர்டு புரிந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. "கொண்டலாம்பட்டி அருகே விபத்து" என்று போட்டால் எழுத்து எல்லாருக்கும் புரியும். ஆனால் கொண்டலாம்பட்டி தனக்கு முன்னால் இருக்கிறதா, தாண்டி வந்துவிட்டோமா என்று தெரியாதவருக்கு அந்தச் செய்தியால் ஒரு பயனும் இல்லை. அந்த நேரத்தில் மேப்பைத் திறந்து பார்க்கவும் முடியாது.

ஆகவே, போகப்போகும் வழியில் உள்ள ஊர்ப்பெயர்களை வரிசையாகத் தெரிந்துகொள்ளுங்கள். பெங்களூர்ப் பக்கமிருந்து வந்தால் தொப்பூர், தீவட்டிப்பட்டி, ஓமலூர், கருப்பூர், மாமாங்கம், கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி, மல்லூர், பிறகு நாமக்கல். கோவைப் பக்கம் போனால் கொண்டலாம்பட்டியில் பிரிந்து அரியானூர், மகுடஞ்சாவடி, சங்ககிரி, குமாரபாளையம். ஆத்தூர்ப் பக்கம் என்றால் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல். டோல்கேட் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓமலூர், வைகுந்தம், மேட்டுப்பட்டி என்று டோல்கேட்டை வைத்து இடம் சொல்வது இந்த ரோடுகளில் சகஜம்.

ஒவ்வொரு பெயரோடும் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்துக்கு முன்னால் நான் வெளியே வரக்கூடிய கடைசி வழி எது? கொண்டலாம்பட்டியில் நெரிசல் என்றால் ஊருக்குள் போகிறவர் மாமாங்கம் பக்கமே இறங்கிவிடலாம். மாமாங்கம் தாண்டிய பிறகு அந்தச் செய்தியைப் படித்தால் மெதுவாகப் போவதைத் தவிர செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. புது ஊரில் ஓட்டுகிறவர்கள் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டாலே பாதித் தவிப்பு தீரும்.

எந்த மாதிரி போர்டு என்று அடையாளம் காணுங்கள்

மின்சாரத்தில் எரிகிற எல்லாப் போர்டும் ஒன்றல்ல. சாலையின் குறுக்கே பெரிய இரும்புச் சட்டத்திலோ ஓரத்தில் ஒற்றைத் தூணிலோ நிற்பது செய்திப் போர்டு. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் அதில் வாசகத்தை மாற்றுவார். சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு இந்த வகைப் போர்டுகளுக்கென்றே 2010ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2023 அக்டோபரில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் புதுப்பித்த போக்குவரத்து மேலாண்மை விதிமுறைகளில், ஹெல்மெட் போடாதது, தவறான திசையில் வருவது, ரோட்டில் மாடு நிற்பது உட்பட 14 வகை நிகழ்வுகளைக் கேமராவே கண்டுபிடிக்க வேண்டும் என்று இருக்கிறது. போர்டில் எரியும் வாசகத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கேமராவும் ஒரு ஆளும் இருக்கிறார்கள் என்பது நினைவில் இருக்கட்டும். இதன் பலன் பின்னால் தெரியும்.

டோல்கேட்டில் ஒவ்வொரு லேனுக்கு மேலேயும் எரிகிற பச்சை அம்புக்குறியும் சிவப்புப் பெருக்கல் குறியும் வேறு வகை. பச்சை என்றால் லேன் திறந்திருக்கிறது, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. சிவப்பு எரிகிற லேனில் வண்டிகளே இல்லை என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள்தான், பிறகு ரிவர்ஸ் எடுத்துப் பின்னால் வருகிறவர்களைப் படுத்துகிறார்கள். லேனைத் தூரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ரோடு வேலை நடக்கும் இடத்தில் டிரெய்லரில் வைத்து நிறுத்தும் போர்டு ஒன்று உண்டு. அதில் பெரும்பாலும் பெரிய அம்புக்குறி மின்னி மின்னி எரியும். அம்பு காட்டும் பக்கம் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான். இரவில் இதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கடை விளக்குபோலத் தெரியும். ரோட்டுக்கு நடுவே கடை இருக்காது என்று நினைத்து உடனே வேகத்தைக் குறைக்கலாம்.

பிறகு, "உங்கள் வேகம்" என்று எண் காட்டும் போர்டு. ரேடார் அலை வண்டியில் பட்டுத் திரும்புவதை வைத்து அது வேகத்தைக் கணக்கிடுகிறது. பக்கத்தில் பெரிய லாரி வந்தால் லாரியின் வேகத்தைக்கூடக் காட்டிவிடலாம். எனவே எண்ணைப் பார்த்ததும் பிரேக்கை மிதிக்காமல் ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். வண்டியின் மீட்டர் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படிதான் தயாரிக்கிறார்கள். போர்டில் இரண்டு, மூன்று குறைவாக வந்தால் அது கோளாறு அல்ல.

செய்திப் போர்டிலேயே சில நேரம் வட்டத்துக்குள் எண், முக்கோணத்துக்குள் படம் எல்லாம் வரும். தகரப் பலகைக்குள்ள அதே விதிதான் இங்கேயும். சிவப்பு வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, செவ்வகம் என்றால் தகவல். சிவப்பு வட்டத்துக்குள் 40 என்று எரிந்தால், பக்கத்துத் தகரப் பலகையில் 80 இருந்தாலும் 40தான் போக வேண்டும். காரணம் என்ன என்று யோசித்துக்கொண்டு போவது அப்புறம்.

உங்களுக்கு உள்ள நேரம் ஏழு விநாடி

மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறீர்கள். எழுத்து 200 மீட்டரிலிருந்து தெளிவாகத் தெரிகிறது என்று வையுங்கள். கணக்குப்படி ஒன்பது விநாடி கிடைக்கும். ஆனால் கடைசி ஐம்பது மீட்டரில் போர்டு கண்ணாடிக்கு மேலே போய்விடும், நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். அதைக் கழித்தால் ஏழு விநாடிக்கும் குறைவு. முன்னால் லாரி மறைத்தால், மழை பெய்தால், போர்டுக்குப் பின்னால் மாலை வெயில் அடித்தால் இன்னும் குறையும். ஓமலூரிலிருந்து சேலம் வரும்போது மாலை வெயில் வலப்பக்கமாக அடிக்கும். சங்ககிரிப் பக்கம் போகும்போது நேரே முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் போர்டின் எழுத்து வெளிறித்தான் தெரியும்.

அந்த ஏழு விநாடியும் தொடர்ந்து பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. அமெரிக்காவில் 100 கார்களில் கேமரா பொருத்தி ஓட்டுநர்களைக் கவனித்த ஓர் ஆய்வு 2006ல் வெளிவந்தது. சாலையை விட்டுக் கண் இரண்டு விநாடிக்கு மேல் விலகினால் விபத்து அபாயம் இரண்டு மடங்காவது கூடுகிறது என்று அதில் கண்டார்கள். எனவே பார்வையைத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் ஒரு பார்வை, சாலையில் ஒரு பார்வை, மறுபடி போர்டு. ஒவ்வொன்றும் ஒரு விநாடி, மிஞ்சிப்போனால் ஒன்றரை.

போர்டுக்கு வெகு முன்பே முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டிக்கொண்டால் இது எளிது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்தால் போதும். பிரேக் வேண்டாம். படிப்பதற்காகப் போர்டுக்கு அடியில் வந்து வேகத்தைக் குறைக்கிறவர்களால்தான் பின்னால் வரும் லாரிக்காரர் திணறுகிறார். எழுத்து முழுக்க வாசிக்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். "மெதுவாகப் போ" என்று எழுதியிருந்ததாக நினைத்துக்கொண்டு நடந்தால் தவறு வராது.

வாசகம் சில நேரம் இரண்டு பக்கமாக மாறி மாறி வரும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று வரலாம். அல்லது முதல் பக்கத்தில் என்ன நடந்தது, அடுத்த பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று வரலாம். ஒரு பக்கத்தில் மூன்று வரிக்கு மேல் கூடாது, ஒரு செய்தி இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதிநூல் சொல்லும் அளவு. ஓடும் வண்டியிலிருந்து மனிதனால் அதற்குமேல் வாங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் காரணம். நீங்கள் பார்த்த முதல் பக்கமே இரண்டாம் பக்கமாக இருக்கலாம். "இடப்புறம் செல்க" என்று மட்டும் கண்ணில் பட்டால், காரணம் அடுத்த விநாடி வரும் என்று எதிர்பாருங்கள்.

மூன்று கேள்விகளாகப் படியுங்கள்

எழுத்துக்கூட்டி இடமிருந்து வலமாகப் படிக்காதீர்கள். மூன்று கேள்விக்குப் பதில் தேடுங்கள்: எங்கே, நான் என்ன செய்ய வேண்டும், என்ன நடந்தது. போர்டில் எழுதும் வரிசை பெரும்பாலும் என்ன, எங்கே, என்ன செய்ய என்று இருக்கும். ஆனால் ஓட்டுகிறவருக்கு முதலில் வேண்டியது இடம். இடம் உங்கள் வழியில் இல்லை என்றால் மீதியைப் படிக்கவே வேண்டாம், கண்ணைச் சாலைக்குத் திருப்பிவிடலாம். விபத்தா, மரம் விழுந்ததா, வேலை நடக்கிறதா என்பது கடைசிதான்.

இதை என்னிடம் பழகுகிறவர்களுக்கு நிறுத்திய வண்டியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு அட்டையில் மூன்று வரி எழுதி, மூன்று விநாடி காட்டி மறைப்பேன்.

கொண்டலாம்பட்டி அருகே விபத்து
வலது லேன் மூடல்
இடப்புறம் செல்க

"என்ன போட்டிருந்துச்சு?"

"விபத்துன்னு இருந்துச்சுங்க சார்."

"எங்க?"

"கொண்டலாம்பட்டி… இல்ல, கருப்பூரா?"

"எந்தப் பக்கம் ஒதுங்கணும்?"

"அதைப் பாக்கலைங்க சார்."

முதல் தடவை கிட்டத்தட்ட எல்லாருக்கும் இப்படித்தான். விபத்து என்ற சொல் கண்ணை இழுத்துக்கொள்கிறது, மற்ற இரண்டு வரிக்கும் நேரம் போதவில்லை. "விபத்து உங்களுக்கு எதுக்குங்க? லேன்தான் உங்களுக்கு" என்று சொல்லி அடுத்த அட்டையை எடுப்பேன். நாலைந்து அட்டை தாண்டியதும் பார்வை தானாகவே ஊர்ப்பெயரையும் கடைசி வரியையும் தேடப் பழகிவிடுகிறது. வீட்டில் அண்ணனோ மனைவியோ அட்டை பிடித்தால் போதும், இதற்குப் பயிற்சிப் பள்ளி தேவையில்லை.

தூரத்தைக் குறிக்கும் வரியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். "2 கி.மீ.யில் சாலைப்பணி" என்றால் இரண்டு கிலோமீட்டர் போனபின் வேலை தொடங்குகிறது. "அடுத்த 2 கி.மீ. சாலைப்பணி" என்றால் இங்கிருந்தே தொடங்கி அவ்வளவு தூரம் நீள்கிறது. அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் இங்கேயே தொடங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிலும் அப்படியே. புள்ளி புள்ளியாக எரிகிற விளக்கில் நான்கைந்து புள்ளி அணைந்தாலே 8 என்பது 6 போலவும், 3 போலவும் தெரியும். வேகம் 80ஆ 60ஆ என்று தெளிவில்லை என்றால் 60.

பயண நேரம் காட்டும் வாசகம் வந்தால், அது அந்த நிமிட நிலவரம். நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது மாறியிருக்கலாம். நல்வாழ்த்து, ஹெல்மெட் அணிக, சீட் பெல்ட் அணிக போன்றவற்றுக்கு ஒரு பார்வை போதும். போர்டு எரியாமல் கருப்பாக இருந்தால், சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகலாம், பழுதாகவும் இருக்கலாம். ரோடு காலியாக இருக்கிறது என்ற உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெரிசலின் வால் போர்டு சொன்ன இடத்தில் இருக்காது

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். உயிர் போவது இங்கேதான்.

விபத்து நடந்து, கேமராவிலோ போன் மூலமோ தெரிந்து, அது உண்மைதானா என்று பார்த்து, வாசகத்தைத் தேர்ந்தெடுத்துப் போர்டில் ஏற்றுவதற்குள் சில நிமிடம் ஓடிவிடும். அந்த நிமிடங்களில் நிற்கும் வண்டிகளின் வரிசை பின்னோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லேனில் மணிக்கு 1,200 வண்டிகள் வருகின்றன என்று வைத்தால் நிமிடத்துக்கு 20. நிற்கும் ஒரு கார் இடைவெளியோடு சேர்த்து ஏழு மீட்டர் பிடிக்கும். ரோடு முழுக்க அடைத்துவிட்டால் வரிசை நிமிடத்துக்கு 140 மீட்டர் நீள்கிறது. பத்து நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் 400 மீட்டர். லாரிகள் அதிகமுள்ள என்.எச். 44ல் இன்னும் நீளும்.

"2 கி.மீ.யில் நெரிசல்" என்று படித்துவிட்டு, இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கிறதே என்று அதே வேகத்தில் போகிறவர் அறுநூறாவது மீட்டரிலேயே நிற்கும் லாரியின் பின்புறத்தைப் பார்க்கலாம். வளைவோ மேடோ மறைத்திருந்தால் பிரேக் பிடிக்கத் தூரம் போதாது. ஆகவே செய்தியைப் படித்த உடனே வேகத்தைக் குறையுங்கள். வால் தெரிந்ததும் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிடுங்கள், பின்னால் வருகிறவருக்கு அதுதான் உங்கள் போர்டு. நின்றபின் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். பின்வண்டி நிற்கும்வரை முன்வண்டியை ஒட்டி நிறுத்தாதீர்கள், ஒதுங்குவதற்குக் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

தொப்பூர் கணவாய்க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் சரிவு அது. பாரம் ஏற்றிய லாரி நியூட்ரலில் இறங்கினால், இன்ஜின் பிடிக்காமல் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் லைனிங் சூடேறச் சூடேறப் பிடிமானம் குறையும். கீழே வரும்போது மிதித்தும் நிற்காது. "கீழ் கியரில் செல்லவும்" என்று அங்கே எங்கு பார்த்தாலும், லாரிக்குத்தானே என்று நினைக்காதீர்கள். கார்க்காரருக்கும் அதுதான், கூடவே முன்னாலும் பின்னாலும் வரும் லாரியை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். சேலத்திலிருந்து பெங்களூர் போகும்போது தொப்பூரில் தடை என்று செய்தி வந்தால், ஓமலூரிலேயே நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு நிலவரம் கேட்டுப் போவது நல்லது. சரிவில் போய் மாட்டிக்கொண்டால் திரும்ப வழி கிடையாது.

முடிவெடுத்தபின் வண்டியைத் திருப்புவது

வெளியே வரலாம் என்று முடிவு செய்தால் கண்ணாடி, இண்டிகேட்டர், மறுபடி கண்ணாடி, பிறகு லேன். சர்வீஸ் ரோட்டில் இறங்கும் வாய் வந்துவிட்டது, நீங்கள் இன்னும் வலது லேனில் இருக்கிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வழியில் இறங்கலாம். தாண்டிவிட்டோம் என்று ரிவர்ஸ் எடுப்பதும் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருவதும் சேலம் பைபாஸில் அடிக்கடி பார்க்கிற காட்சி. நெரிசலில் அரை மணி நேரம் நிற்பதைவிட அது எவ்வளவு மோசம் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஊருக்குள் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்துக்கு இதை நினைவில் வையுங்கள். மேலே ஏறிவிட்டால் இறங்கும் இடம் வரை திரும்ப முடியாது. கீழே போவதா மேலே போவதா என்பதை ஏறும் சரிவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கூகுள் மேப் ஒன்று சொல்கிறது, போர்டு வேறு சொல்கிறது என்றால்? மேப், போன் வைத்திருப்பவர்களின் வேகத்தை வைத்து நெரிசலைக் கணிக்கிறது. எவ்வளவு நேரமாகும் என்பதில் அது கெட்டி. ஆனால் லேன் மூடியிருக்கிறது, பாதை மாற்றிவிட்டிருக்கிறது என்பதைப் போர்டும் போலீசும்தான் முதலில் சொல்வார்கள். நேரத்துக்கு மேப்பைக் கேளுங்கள், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்குப் போர்டைக் கேளுங்கள். சீருடையில் நிற்கும் போலீஸ்காரர் கை காட்டினால் போர்டைவிட அதுவே மேல். ஓட்டுநர் விதிமுறைகளும் அப்படித்தான் சொல்கின்றன.

ஏற்காடு மலைக்கு மட்டும் தனியாக

அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறீர்கள். இங்கே செய்தி மின்போர்டில்தான் வரும் என்று காத்திருக்க முடியாது. அடிவாரத்தில் நிற்கும் போலீஸ், தடுப்பு, எழுதி வைத்த பலகை எல்லாமே செய்திதான். படிக்கும் முறையும் அதேதான்: எங்கே, நான் என்ன செய்ய வேண்டும்.

மேலே போக இன்னொரு வழி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் போய்க் குப்பனூர் வழியாக ஏறுவது. கோடை விழா சமயத்தில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழியாக மாற்றுவது உண்டு. கீழே எழுதியிருப்பதைப் படிக்காமல் ஏறியவர், மாலையில் அதே வழியில் இறங்கப் பார்த்து, ஏறும் வண்டிகளுக்கு எதிரே போய் நிற்பார். எனவே ஏறும்போதே இறங்கும் வழி எது என்று கேட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் "மண்சரிவு" என்ற சொல்லுக்கு விவாதமே கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஓர் இடத்தில் மண்ணை அள்ளிவிட்டார்கள் என்றாலும், ஊறிய சரிவு அடுத்த வளைவில் இறங்கலாம். மேலே ரூம் போட்டிருக்கிறோம், பணம் கட்டியாயிற்று என்று அடிவாரத்தில் கெஞ்சிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து திரும்பிவிடுங்கள். ரூம் காசைவிட உங்கள் குடும்பம் பெரிது.

"பனிமூட்டம்" என்று வந்தால் ஹை பீமை அணைத்து லோ பீம் போடுங்கள். ஹை பீம் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, விதி. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ கிட்டத்தட்ட அதே கியர். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியரைக் கீழே பிடித்துவைக்கும் நிலை எது என்று வீட்டிலேயே புத்தகத்தில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கூட வருபவருக்கு ஒரு வேலை

பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் போர்டை அவர் படிக்கட்டும். ஆனால் "ஐயய்யோ, ஏதோ ஆக்சிடென்ட்டாம்" என்று கத்தக் கூடாது. ஊர்ப்பெயரை முதலில், செய்ய வேண்டியதை அடுத்து, நிதானமாக, ஒரே தடவை சொன்னால் போதும். போட்டோ எடுக்கப் போனால் பாதி எழுத்துதான் பதியும். இந்த விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டு விட்டு எரிவதால், போன் கேமரா அணைந்த கணத்தைப் பிடித்துவிடும். ஓட்டுகிறவர் கையில் போன் எடுப்பதை நினைக்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டிய குற்றமாக அது வரும்.

போர்டு தவறாக இருந்தால்

வேலை முடிந்து பல நாள் ஆகியும் "சாலைப்பணி" எரிந்துகொண்டிருப்பதையும், பாதி விளக்கு அணைந்து எண்ணே புரியாமல் இருப்பதையும் பார்த்தால் புலம்பிவிட்டுப் போய்விடாதீர்கள். பொய்ச் செய்தி காட்டும் போர்டை நாலு நாள் பார்த்தவர் ஐந்தாம் நாள் உண்மைச் செய்தியையும் நம்ப மாட்டார். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குச் சொல்லலாம். விபத்தோ ஆபத்தோ என்றால் 112, ஆம்புலன்ஸுக்கு 108. வண்டியை ரோட்டை விட்டு முழுக்க ஒதுக்கி நிறுத்தியபின் கூப்பிடுங்கள். எந்தச் சாலை, எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண், போர்டில் எரிந்த வாசகம், பார்த்த நேரம், இவ்வளவும் சொன்னால் அவர்களால் அந்தப் போர்டைக் கண்டுபிடித்துவிட முடியும்.